கயிறு வாங்கிய சனிக்கிழமை

"1947 மார்ச், சனிக்கிழமை. வந்தவர்கள் ஆறு பேர். ஆர்மோனியம் வாசிக்கவில்லை. காப்பி ஆறிப் போயிற்று. கயிறு வாங்கியாயிற்று."

டீச்சரம்மா வைத்திருந்த வருகைப் பதிவேட்டில் அன்றைய குறிப்பு இவ்வளவுதான். மாதம் இருக்கிறது, தேதி இல்லை. எல்லாப் பக்கங்களிலும் அப்படித்தான். கூட்டம் சனிக்கிழமை மட்டுமே நடந்ததால் தேதி எதற்கு என்று இருந்துவிட்டார் போலும். அந்த ஆண்டு உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் தொடக்கத்தில் வந்தது. கடற்கரைத் தெருவில் தவக்காலம் பாதி கடந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே மார்ச் நடுவில் ஒரு சனிக்கிழமை என்று குறித்து வைத்திருக்கிறேன். அதற்கு மேல் நெருங்க முடியவில்லை. ஆனால் கடைசி வரி எதைச் சொல்கிறது என்று எனக்குத் தெரியும். அன்று நான் அங்கே இருந்தேன்.

அப்போது நான் தூத்துக்குடியில் ஒரு தோணி ஏஜென்சியில் குமாஸ்தா. பூர்வீகம் சாத்தான்குளத்துப் பக்கம். அப்பா காலமான பிறகு அம்மாவையும் அக்காவையும் அழைத்துவந்து வாடகை வீட்டில் வைத்திருந்தேன். அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அவளுக்கு எழுத்து வரவில்லை. கடைக்கு அனுப்பினால் எதற்கு வந்தோம் என்பது மறந்துபோய், வழியில் பார்த்த யாரோ ஒருவருடைய நடையை நடந்துகொண்டு திரும்பி வருவாள். பிறரைப் போலச் செய்வதில் அவளுக்கு இணை கிடையாது. பாதிரியார் பிரசங்கத்துக்கு முன் செருமுவதை, அம்மா முறத்தைத் தட்டிவிட்டு முதுகைப் பிடித்துக்கொள்வதை, சிரிக்காமல் அப்படியே செய்வாள். கேலி செய்கிறாள் என்று அடி வாங்கியிருக்கிறாள். அது கேலி அல்ல. ஒருவரைத் தெரிந்துகொள்ள அவளிடம் இருந்த வழி அது.

கடற்கரைச் சாலையின் தெற்குக் கோடியில் சங்கு சேர்த்து வைக்கிற பழைய கிட்டங்கி ஒன்று காலியாகக் கிடந்தது. போர் முடிந்த ஆண்டில், நாசரேத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அதை உடையவரிடம் கேட்டு வாங்கிக் கழுவிவிட்டார். எத்தனை முறை கழுவியும் சங்குச் சதை அழுகிய வாடை சுவரை விட்டுப் போகவில்லை. அக்காவைப் போன்றவர்கள், வயது வந்தும் அறிவு குழந்தையளவில் நின்றுவிட்டவர்கள் என்று ஊர் சொன்னவர்கள், சனிக்கிழமை பிற்பகலில் அங்கே கூடினார்கள். இந்துக்கள், கத்தோலிக்கர், எங்களைப் போன்ற புராட்டஸ்டண்டுகள் எல்லோரும் உண்டு. பாடம் கிடையாது, ஜெபக் கட்டாயம் கிடையாது. கேரம் பலகை இருந்தது, ஆர்மோனியம் இருந்தது, கருப்பட்டிக் காப்பி இருந்தது. மற்ற மனிதர்கள் மாலையில் கிளப்புக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார்களே, அதைப் போல இவர்களும் போய் உட்கார ஓர் இடம். டீச்சரம்மா அதை அப்படித்தான் விளக்கினார். விளக்கியபோது நகரசபைக்காரர்கள் சிரித்தார்கள்.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. யாரையும் 'அது' என்று சொல்லக்கூடாது. சட்டத்தை மீறியவர்கள் எல்லோரும் வீட்டார்தான். ஒரு தாய் மகனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "அதுக்குக் காப்பி கொஞ்சமாக் குடுங்க டீச்சரம்மா. ராத்திரி பாய நனைச்சிரும்" என்றாள்.

"எதுக்கு?"

"இந்தா நிக்கில்லா, இதுக்குத்தான்."

"இங்கன ஒரு ஆளுல்லா நிக்காரு. மீசை கூட வச்சிருக்காரு. அவருக்கு எவ்வளவு காப்பி வேணும்னு அவருகிட்டயே கேட்டுக்கிடுதேன், நீங்க போய்ட்டு வாங்க."

மீசை வைத்த அந்த ஆள் இரண்டு டம்ளர் குடித்தார்.

கிட்டங்கிச் சாவி ஒரு பழைய குளியாளியிடம் இருந்தது. சங்கு எடுக்கக் கடலில் முங்குகிறவர்களைக் குளியாளி என்போம். இவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். ஆழத்துக்குப் போய்ப் போய் இரண்டு காதும் உடைந்திருந்தன. பஞ்சு வைத்துக்கொண்டு, எதிரில் நிற்பவரிடமும் அடுத்த படகில் இருப்பவரிடம் பேசுவது போலக் கத்திப் பேசுவார். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. அவருக்குக் கயிறு பிடித்த மச்சான் கொழும்புத் துறைமுகத்தில் வேலை தேடிப் போய்விட்டான். கதவைத் திறந்துவிட்டுப் போய்விடுவதற்காக வந்தவர், முதல் வாரத்திலேயே காப்பிக்கு இருந்துவிட்டார். பிறகு எல்லா வாரமும் இருந்தார்.

கயிறு பிடிக்கும் முறையைக் கூட்டத்துக்குள் கொண்டுவந்தவர் அவர்தான்.

குளியாளி முங்கும்போது அவர் இடுப்புக் கயிற்றின் மறுமுனை படகில் ஒருவன் கையில் இருக்கும். கீழிருந்து கயிறு ஆடினால் அவன் இழுக்க வேண்டும். அவன் பெரும்பாலும் குளியாளியின் மனைவியுடன் பிறந்தவனாக இருப்பான் என்று வெள்ளைக்காரப் பயணிகளின் பழைய குறிப்புகளிலும் படித்திருக்கிறேன். எல்லாப் படகிலும் அப்படி அமையாது என்று குளியாளிகளே சொல்லவும் கேட்டிருக்கிறேன். ஆனால் இவர் அதை வேதம் போல நம்பினார். கூட்டத்தில் தமக்கு ஒரு மச்சானையும் கண்டுபிடித்துக்கொண்டார்.

அந்த மச்சான் கருப்பட்டி மண்டி அண்ணாச்சியின் தம்பி. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தோளில் கருப்பட்டிச் சிப்பத்தை ஏற்றினால் இறக்கு என்று சொல்லும்வரை அப்படியே நிற்பான். சொல்ல மறந்து அண்ணாச்சி சாப்பிடப் போய்விட்டு வந்த நாளும் உண்டு என்பார்கள். பேச்சு குறைவு. மண்டியில் அது வேடிக்கையாக இருந்தது. குளியாளி கண்ணுக்கு வேறு மாதிரிப் பட்டது.

"இவன மாதிரி ஒரு ஆளு எனக்கு இருவது வயசுல கெடைச்சிருந்தா எங் காது போயிருக்காது" என்று டீச்சரம்மாவிடம் கத்தினார். அன்றிலிருந்து அவனை "மச்சான்" என்றுதான் கூப்பிட்டார். அவனும் அவரை "மச்சான்" என்றான். அந்த உறவுமுறையில் வாழ்நாளில் அவனை வேறு யாரும் அழைத்ததில்லை. பெண் கொடுப்பார் யாரும் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

அண்ணாச்சி ஒருநாள் தம்பியை அழைத்துப் போக வந்தபோது இது காதில் விழுந்தது.

"யாருக்கு யாருலே மச்சான்?"

"எனக்குத்தான் அண்ணாச்சி. கயிறு பிடிக்கவன் மச்சானா இருந்தாத்தான் முங்குனவன் மேல வருவான். கூடப் பிறந்தவள எவனாவது தாலியறுக்க விடுவானா?"

"ஒனக்கும் எனக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டுமாலே?"

"கரையில கெடையாது அண்ணாச்சி. கயித்துல உண்டு."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டே போனார். அவர் போன பிறகு அக்கா அவரைப் போல வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, தலையை ஆட்டிக்கொண்டு கிட்டங்கியைச் சுற்றி நடந்தாள். டீச்சரம்மா ஆர்மோனியத்தின் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார்.

கிட்டங்கிக்குப் பின்னால் பழைய மரப்பாலம் ஒன்று கடலுக்குள் கொஞ்ச தூரம் போய் நின்றது. அதன் நுனியில் தண்ணீருக்குள் இறங்கும் படிகள். கூட்டம் கலையும் முன் எல்லோரும் அங்கே போவோம். குளியாளி கயிற்றை இடுப்பில் சுற்றிச் சொருகி இரண்டு தரம் சுண்டிப் பார்ப்பார். காதுப் பக்கம் தலையைச் சாய்த்து ஒருமுறை உதறுவார். உள்ளங்கையால் தண்ணீரை ஓங்கி அறைந்துவிட்டு, "பாத்துக்க மச்சான்" என்று சொல்லி முங்குவார். அங்கே ஆழம் ஓர் ஆள் அளவுதான். இவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கணக்கில் எண்ணுவார்கள். கயிறு ஆடும். மச்சான் கை மாற்றிக் கை மாற்றி இழுப்பான். குளியாளி மேலே வந்து, ஈரக்கையை அவன் கையின்மேல் வைத்து, "கொண்டா, வந்துட்டேன்" என்பார். அப்போதுதான் அவன் கயிற்றைக் கொடுப்பான்.

அதிலும் ஒரு சட்டம் இருந்தது. "முங்குனவன் கையத் தொட்டு வாங்குத வரைக்கும் கயித்த விடப்பிடாது. அவன் தாயே வந்து கேட்டாலும் குடுக்கப்பிடாது. வெளங்குதா மச்சான்?" அவனுக்கு விளங்கியது. எல்லோருக்கும் விளங்கியது. கயிறு கைமாறாமல் ஒருவரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள்.

ஜனவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை அந்த விளையாட்டு நடந்துகொண்டிருந்தபோது ஒரு வள்ளம் பாலத்தை ஒட்டி வந்தது. அந்தக் காலத்தில் கப்பல்கள் கரைக்கு வர முடியாது. தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும், தோணிகள்தான் சரக்கை ஏற்றி இறக்கும். அப்படி ஒரு தோணியின் நங்கூரக் கயிறு அறுந்துவிட்டிருந்தது. குளியாளி அப்போதுதான் முங்கி எழுந்து தண்ணீரில் நின்றிருந்தார்.

வள்ளத்திலிருந்து ஒருவன் கையை ஆட்டிக் காட்டிக் கத்தினான். "அண்ணே, நங்கூரம் கீழ போச்சி. ஒரு முங்கு முங்கிக் கயிறு மாட்டிக் குடுத்துட்டு வாரும். பொழுது சாயதுக்குள்ள கொண்டாந்து விட்டுருதோம்."

"காது போன ஆளுலே நான்."

"நங்கூரத்துக்கு எதுக்கு வே காது?"

குளியாளி சிரித்தார். யாரும் அவரைத் தொழிலுக்குக் கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது. நின்ற இடத்திலிருந்தே வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து ஏறினார். இடுப்புக் கயிற்றை அவிழ்த்துத் தண்ணீரில் போட்டார். பாலத்தைப் பார்த்து, "மச்சான், பிடிச்சிக்கிட்டு இரு. வந்து வாங்குதேன்" என்றார்.

மச்சான் பிடித்துக்கொண்டு இருந்தான்.

வள்ளம் இருட்டும் நேரத்தில் திரும்பியது, அவர் இல்லாமல். அதிலிருந்தவர்கள் நான்கு பேர். நான்கு பேரையும் நான் பின்னால் தனித்தனியே கேட்டிருக்கிறேன். இரண்டாம் முறை முங்கியவர் எழவில்லை, கயிறு வெறுமனே வந்தது என்றான் ஒருவன். நீரோட்டம் இழுத்துப் போயிற்று என்றான் அடுத்தவன். அருகே ஒரு தோணி கொழும்புக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தது, அவர் அதை நோக்கி நீந்தியதைப் பார்த்தேன் என்றான் மூன்றாமவன். நான்காமவன் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை என்றான். அவர் கயிற்றை யார் பிடித்திருந்தீர்கள் என்று கேட்டபோது ஒவ்வொருவனும் மற்றவனைச் சொன்னான்.

உடல் கரை ஒதுங்கவில்லை.

அன்று இரவு அண்ணாச்சி வந்து தம்பியைக் கூட்டிப் போனார். கயிறும் கூடவே போனது. கையிலிருந்து அதை வாங்க முடியவில்லை. அதட்டிப் பார்த்தார்கள், மிட்டாய் காட்டிப் பார்த்தார்கள், தூங்கும்போது விரல்களைப் பிரித்துப் பார்த்தார்கள். விரல்கள் தூக்கத்திலும் பிரியவில்லை. கையை விட்டு ஒரு முழம் தள்ளி அறுத்தார்கள். அவன் எழுந்து அறுந்த முனைகளைத் தேடி எடுத்து, இடது கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டுக்கொண்டான். இடது கையால் சாப்பிட்டான். மண்டி வேலை நின்றது. தினமும் கருக்கலில் எழுந்து பாலத்துக்கு வந்து, மறுமுனையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு நிற்பான். அவனை வீட்டுக்கு இழுத்துப் போவது அண்ணாச்சியின் அன்றாட வேலையானது.

சனிக்கிழமைகளில் நாங்கள் கேரம் பலகையை எடுத்துப் போட்டோம். யாரும் காயைத் தொடவில்லை. திறந்திருந்த பின்வாசல் வழியாக எல்லோரும் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீசை வைத்தவர் குளியாளியின் டம்ளரில் காப்பியை ஊற்றி, கொண்டுபோய்ப் பாலத்து நுனிப் பலகையில் வைத்துவிட்டு வருவார். கூட்டம் முடியும்போது அதை அப்படியே ஆறிய நிலையில் எடுத்து வந்து கடலில் கொட்டுவார். அவரிடம் யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நிறுத்தவும் சொல்லவில்லை.

அலை உள்வாங்கும்போது கயிறு இழுபடும். அப்போதெல்லாம் மச்சானின் தோள் விறைக்கும். "இழுக்காரு" என்பான். இடது கையால் இழுத்துப் பார்ப்பான். வெறும் முனை வரும், பாசி ஒட்டியிருக்கும். மறுபடி விடுவான். நான் ஏஜென்சி மேசையில் சரக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருப்பேன். திடீரென்று என் வலது கை பேனாவை அளவுக்கு மேல் இறுக்கியிருப்பது தெரியும். யாரோ மறுமுனையில் அசைந்தது போல இருக்கும். ஜன்னலுக்கு வெளியே கப்பல்கள் நிற்கும் தொலைவைப் பார்ப்பேன். அங்கே ஒன்றும் இருக்காது.

வருகை குறைந்தது. கிட்டங்கியில் காற்று சரியில்லை என்று வீட்டார் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். வீட்டில் அக்கா யாரைப் போலவும் செய்யவில்லை. நடையெல்லாம் அவளுடைய சொந்த நடையாக இருந்தது, அது எனக்குப் பழக்கமில்லாததாக இருந்தது. ஒருநாள் கிணற்றடியில் முந்தானையை இடுப்பில் சுற்றிச் சொருகுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். "ஏளா, சேலைய என்ன பாடு படுத்துத?" என்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். அக்கா மறுபடி சுற்றினாள்.

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை அண்ணாச்சி டீச்சரம்மாவைப் பார்க்க அவர் வீட்டுக்கு வந்தார். நான் பெஞ்சில் இருந்தேன். மேற்கே ஒரு கோவில் இருக்கிறது, பேய் பிடித்தவர்களையும் புத்தி பேதலித்தவர்களையும் அங்கே மரத்தடியில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்துவிட்டு வருவார்கள். வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது, திங்கட்கிழமை தம்பியைக் கொண்டு போகிறேன் என்றார்.

"அங்க கட்டிப் போட்ட ஆளு ஒருத்தராவது திரும்பி வந்து பாத்திருக்கியளா அண்ணாச்சி?"

அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் என்ன செய்ய டீச்சரம்மா? எம் பிள்ளைக அவனப் பாத்துப் பயந்து அழுதுவ. உள்ளங்கை புண்ணாகிப் புழு வச்சிரும் போல இருக்கு. கழுவி விடக் கையத் தெறக்க மாட்டேங்கான். எங்க அம்மை சாவும்போது இவனத்தான் எங்கிட்ட சொல்லிட்டுப் போனா."

"நாளைக்குச் சனிக்கிழமை. நாளைக்கு ஒரு நாளு எனக்குக் குடுங்க. திங்கக்கிழமை உங்க இஷ்டம்."

டீச்சரம்மாவிடம் ஒரு யோசனை இருந்தது. வேறொரு குளியாளியை ஏற்பாடு செய்திருந்தார், நல்ல இளவட்டம். மறுநாள் அவன் கரைப் பக்கமாகத் தண்ணீருக்குள் இறங்கி, முங்கிப் போய்ப் பாலத்துப் படியருகே எழுந்தான். கையை நீட்டி, சொல்லிக்கொடுத்தபடியே, "கொண்டா மச்சான், வந்துட்டேன்" என்றான்.

மச்சான் அவனைப் பார்த்தான். "நீரு எந்தக் கயித்துல போனேரு?"

இளவட்டம் டீச்சரம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் உமக்குக் கயிறு பிடிக்கவே இல்லியே" என்றான் மச்சான். கோபம் இல்லை. ஒரு தவறைத் திருத்துவது போலத்தான் சொன்னான்.

"இவன் சொல்லுதது சரிதான் டீச்சரம்மா. என்னையக் கேட்டா நானும் குடுக்க மாட்டேன்" என்றான் இளவட்டம்.

"அப்பம் அந்தக் கயித்தக் கட்டிக்கிட்டு முங்கிட்டு வாப்பா."

இளவட்டம் படியேறி வந்து தலையைத் துவட்டத் தொடங்கினான். "போனவன் கயிறு அது. அதுல நான் எறங்க மாட்டேன். நான் மட்டுமில்ல, இந்தக் கடக்கரையில ஒருத்தனும் எறங்க மாட்டான், கேட்டுப் பாருங்க."

அண்ணாச்சி பாலத்தின் கரைமுனையில் நின்றிருந்தார். டீச்சரம்மா இளவட்டத்திடம் மன்றாடிக்கொண்டிருந்தார். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் அக்கா படியிறங்கியதை நான் பார்க்கவில்லை. பார்க்கும்போது இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, மிதந்த முனையை எடுத்துச் சேலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிச் சொருகி இரண்டு தரம் சுண்டிப் பார்த்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்து உதறினாள். உள்ளங்கையால் தண்ணீரை அறைந்தாள்.

"பாத்துக்க மச்சான்."

அது குளியாளியின் குரல். உடைந்த காதுக்காரருடைய, அடுத்த படகுக்குக் கேட்கிற, கரகரத்த குரல். மீசை வைத்தவர் காப்பி டம்ளரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

அக்காவுக்கு நீந்தத் தெரியாது. நான் ஓடினேன். படிக்கு மேல் மச்சான் குறுக்கே நின்றான். என்னைப் பார்க்காமல் இடது கையை மட்டும் விரித்துக் காட்டினான். குளியாளி கீழே இருக்கும்போது கயிறு பிடிப்பவனை யாரும் நெருங்கக் கூடாது. அந்தக் கையை நான் தாண்டவில்லை. ஏன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

அவள் படியை விட்டு ஓர் அடி எடுத்துவைத்தாள். சேலை ஒருமுறை தண்ணீர்மேல் உப்பி எழுந்து பின் அவளோடு கீழே போனது. கயிறு ஓடியது. ஜனவரியிலிருந்து மூடியே இருந்த அந்த வலது கை, புண்ணோடு, திறந்து மூடித் திறந்து கயிற்றை விட்டுக்கொடுத்தது.

தண்ணீர் கலங்கித் தெளிந்தது. இந்த முறை யாரும் எண்ணவில்லை.

"ஏலே இழு, பொம்பளப் பிள்ள" என்றான் இளவட்டம்.

"இன்னும் ஆட்டல" என்றான் மச்சான்.

டீச்சரம்மா உதடு அசைய எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். இளவட்டம் துண்டைப் போட்டுவிட்டுத் தண்ணீரின் ஓரத்துக்கு வந்தான், இறங்கவில்லை. நான் கயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையாமல் இருந்தது. இவ்வளவு நாளும் அலைக்கே துடித்த கயிறு அப்போது ஒரு கோடு போல நின்றது.

பிறகு ஆடியது.

அவன் இழுத்தான். அவசரமில்லாமல், கை மாற்றிக் கை மாற்றி, குளியாளி சொல்லிக்கொடுத்த அதே சீராக. அக்காவின் தலை தெரிந்தது, முகமெல்லாம் கூந்தல். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வந்தது. படியைப் பிடித்து இருமி முடித்தாள். நிமிர்ந்து, அவன் கைமேல் கையை வைத்தாள்.

"கொண்டா, வந்துட்டேன்."

அவன் கயிற்றைக் கொடுத்தான்.

கொடுத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்தான். "மச்சான் எங்க?" என்று கேட்டான்.

"கீழ ஒருத்தரும் இல்ல" என்றாள் அக்கா. இப்போது அது அவளுடைய குரல். "நல்லாத் தேடிப் பாத்துட்டேன். போ, போய்க் காப்பி குடி."

மீசை வைத்தவர் டம்ளரை நீட்டினார். அது குளியாளிக்கு ஊற்றியது. மச்சான் வாங்கி ஆறிய காப்பியைக் குடித்தான். கரைமுனையில் நின்ற அண்ணாச்சி, "வலது கையில குடிக்கான்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு அங்கேயே பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை வண்டி போகவில்லை. புண் ஆறியது. மூன்று விரல்கள் மட்டும் கடைசிவரை முழுதாக நிமிரவில்லை. அந்தக் கையோடு மண்டியில் பல ஆண்டு சிப்பம் தூக்கினான். கூட்டத்துக்கு ஆட்கள் மெல்லத் திரும்பினார்கள். ஆனால் பாலத்துக்கு யாரும் போகவில்லை, பின்வாசல் சாத்தியே இருந்தது. டீச்சரம்மா உடம்புக்கு முடியாமல் நாசரேத்துக்குத் திரும்பிய 1949 வரை கூட்டம் நடந்தது. பதிவேட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

கயிற்றை அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். அம்மா தூக்கி எறியச் சொன்னாள். அக்கா கேட்கவில்லை. அவள் மறுபடி எல்லோரையும் போலச் செய்யத் தொடங்கினாள், குளியாளி ஒருவரைத் தவிர. ஒருமுறை நானே கேட்டேன்: "அவரு மாதிரி ஒரு தடவ பேசிக் காட்டேன்."

"அவரு வாங்கிட்டுப் போய்ட்டாருல்லா தம்பி" என்றாள்.

எதை வாங்கிக்கொண்டு என்று நான் கேட்கவில்லை. கயிறு ஆணியில் இருந்தது. காற்று இல்லாத மத்தியானங்களில் அது கதவில் உரசும் சத்தம் கேட்டால், அம்மா வேலையை விட்டுவிட்டுச் சற்று நேரம் காது கொடுத்திருப்பாள்.

தோணி ஏஜென்சியில் இருந்ததால் விசாரிக்க எனக்கு வசதி இருந்தது. கொழும்பு போய்வந்த தண்டல், அதாவது தோணித் தலைவர் ஒருவர், காதில் பஞ்சு வைத்த ஒரு தூத்துக்குடிக்காரர் அங்கே துறைமுகத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். சத்தம் போட்டுப் பேசுவாரா என்று கேட்டேன். பேச்சே இல்லை, தன் மச்சானோடு நின்றார் என்றார். அதே தோணியில் வந்த இன்னொருவர், அந்த ஆளைத் தமக்குத் தெரியும், அவர் கீழக்கரைக்காரர் என்றார். கொழும்புக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வள்ளத்தில் இருந்த நான்கு பேரும் இன்று இல்லை.

மீதி இருப்பது அக்கா சொன்னது மட்டும். அவள் முங்கிய இடத்தில் ஆழம் ஓர் ஆள் அளவு. நங்கூரம் விழுந்த இடம் கப்பல் நிற்கும் தொலைவு. ஓர் இடத்தில் பார்த்ததை இன்னோர் இடத்துக்குச் சாட்சியாக எழுத என் பழக்கம் இடம் தருவதில்லை. ஆனாலும், அவள் நல்லாத் தேடிப் பார்த்ததாகச் சொன்னதை இங்கே சேர்த்திருக்கிறேன். குளியாளி அன்று கடலில் இறந்தாரா என்பது இதை எழுதும் வரை உறுதிப்படவில்லை.